காலையில் நன்றாக நடக்கிறார்

மாப்பிள்ளையூரணி
3.7.2024

ஏளா பகவதி,

கவரப் பாத்ததும் கிழிச்சிப் போட்டுராத. உள்ள நூறு ரூவா நோட்டு வச்சிருக்கேன்.

வைக்கல. ஆனா இப்ப கவர உதறிப் பாத்தேல்லா?

நான்தான், உன் அண்ணன் ராஜதுரை. இன்னும் சாவல. ரெண்டு வருசமா நீ பேசாததுல எனக்கு ஒண்ணும் கொறஞ்சிரல, காதுதான் போயிட்டு. போன்ல யாரு பேசுனாலும் கடலுக்குள்ள இருந்து கூப்புடுத மாதிரி கேக்கு. அதான் எழுதுதேன். எடது கைதான் வெளங்காது, எழுதுத கை நல்லாத்தான் இருக்கு. நாலாப்புல வாத்தியார் அடிச்சு அடிச்சுக் கெட்டிப்பட்ட கைலா.

விசயத்துக்கு வாரேன். எனக்குப் பக்கவாதம் வந்தப்ப எம்பது சதவீதம் ஊனம்னு கார்டு போட்டுக் குடுத்தாங்கள்லா. அதப் புதுப்பிக்கணும்னு போன மாசம் முகாமுக்குக் கூப்பிட்டாங்க. ஜெப்ஸிதான் ஆட்டோல தூக்கி ஏத்திக் கூட்டிட்டுப் போனா. ஜெப்ஸி யாருன்னு உனக்குத் தெரியாது, நீ வராமப் போனதுக்கு அப்புறம் வந்தவ. கடக்கரைக்காரி. காலைல வந்து என்ன எழுப்பிக் குளிப்பாட்டி, சட்டைய மாட்டி, கடையில கொண்டாந்து உக்கார வைப்பா. சாயங்காலம் கட்டில்ல படுக்கப் போட்டுட்டுப் போவா. கவருமெண்டு மாசாமாசம் போடுத உதவித்தொகைதான் அவ சம்பளம்.

நேத்து தபால் வந்திருக்கு. எனக்கு முப்பது சதவீதம்தானாம். உதவித்தொகை கெடையாதாம். சந்தோசப்படு. உன் அண்ணன் மருந்து மாத்திர இல்லாம அம்பது சதவீதம் சொகமாயிட்டான்.

சிரிக்கத்தான் எழுதுதேன். ஆனா இது சிரிக்குத காரியம் இல்ல. ஜெப்ஸி கொஞ்ச நாளைக்குச் சும்மாவும் வருவா. அவளும் பிள்ளகுட்டிக்காரி, எத்தன நாளைக்கு வருவா? அவ வரலன்னா எனக்குக் கட்டில்தான். ஷார்ஜால இருக்க எம்மவன் முத்துக்குமரனுக்குத் தெரிஞ்சா, கடைய மூடி என்ன மெட்ராசுல ஒரு முதியோர் இல்லத்துல கொண்டு தள்ளிருவான். வெலாசம் வாங்கி வச்சிருக்கான்னு கேள்வி.

நீ சத்துணவு அமைப்பாளரா இருந்து மேலதிகாரிக்கெல்லாம் பெட்டிசன் எழுதித் தண்ணி காட்டுனவ. ஒரு வழி சொல்லு. பேச வேண்டாம், எழுதுனாப் போதும்.

உன் அண்ணன்
ராஜதுரை


கயத்தாறு
8.7.2024

அண்ணனுக்கு,

கவரை உதறிப் பார்த்தேன். அதற்காகவே பதில் போடாமல் இருந்திருக்க வேண்டும்.

நான் ஏன் பேசாமல் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டு எழுதுகிறீர்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு சமைப்பாளா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார்கள். "நல்லா சமைப்பா, சாப்பிட்டவங்கதான் ஒருத்தரும் உயிரோட இல்ல" என்றீர்கள். நாங்கள் சிரித்தோம். மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. இனி உங்கள் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதுதான் என் பேச்சு. படியை மிதிக்க மாட்டேன். எழுத்துக்கு அது பொருந்தாது.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அந்த முகாமில் டாக்டர் எழுதிய அறிக்கையின் நகல் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் போட்டால் போதும். மற்றது, டாக்டர் உங்களிடம் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை ஒரு சொல் பிசகாமல் எழுதி அனுப்புங்கள்.

ஒரு சொல் பிசகாமல். உங்கள் வாயை எனக்குத் தெரியும்.

பகவதி


மாப்பிள்ளையூரணி
26.7.2024

ஏளா பகவதி,

நகல் வந்துட்டு. முழுக்க இங்கிலீசு. மெடிக்கல் நேசக்குமார்ட்ட குடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசிச்சிட்டு என்ன ஒரு மாதிரி பாத்தான். "அண்ணாச்சி, காலையில் நன்றாக நடக்கிறார், மதியம் படுத்து ஓய்வெடுக்கிறார், மாலையில் ஓடுகிறார்னு போட்டிருக்கு"ன்னான். "படி ஏறுவதில் சிரமம் இல்லை. துணை தேவையில்லை என்று தானே கூறுகிறார்"னும் போட்டிருக்காம்.

எவனோ ஓட்டப்பந்தயக்காரன் பேப்பரு என் பேர்ல வந்திட்டுன்னு நெனச்சேன். பேரும் வெலாசமும் என்னுதுதான்.

நீ கேட்டத எழுதுதேன். வெளிய திருவிழாக் கூட்டம். ஜெப்ஸி என்ன நாற்காலியில உக்கார வச்சி, எடது கைய மடியில போட்டு, மேல துண்டப் போத்திட்டு ஒதுங்கி நின்னா. டாக்டர் சின்ன வயசு, வெளியூர்ப் பேச்சு. மூஞ்சப் பாக்கல, கம்ப்யூட்டரத்தான் பாத்தாரு. தொட்டும் பாக்கல.

"என்ன பண்றீங்க?"ன்னாரு. "பெட்டிக்கடை வச்சிருக்கேன் சார்"னேன்.

"எப்படி நடக்குது?"ன்னாரு. "காலைல நல்லா நடக்கும் சார். மத்தியானம் படுத்துரும். சாயங்காலம் பாக்கணுமே, ஓட்டம்தான்"னேன். டொக்கு டொக்குன்னு அடிச்சாரு.

"ஏற எறங்க எல்லாம்?"னாரு. "ஏறுததுதான் சார், எங்க எறங்குது"ன்னேன். பாமாயில் வெல அன்னைக்குத்தான் ஏறியிருந்துது.

"துணைக்கு ஆள் வேணுமா?"ன்னாரு. "இந்த வயசுல எதுக்கு சார், ஊரு சிரிக்கும்"னேன். சிரிப்பாருன்னு பாத்தேன். சிரிக்கல. அடுத்த ஆளக் கூப்பிட்டாரு.

இவ்வளவுதான். நான் ஓடுதேன்னு எங்கயும் சொல்லலயே?

இன்னொண்ணு. பழைய தபால்லயே அடியில ஒரு வரி இருக்கு. பொய்த் தகவல் குடுத்து உதவி வாங்கியிருந்தா நடவடிக்கைன்னு. நாலு வருசமா வாங்கியிருக்கேன் ஏளா. ஜெயில்ல போட்டுருவானுவளோ? அங்கயும் குளிப்பாட்ட ஆளு வேணுமே.

ராஜதுரை


கயத்தாறு
30.7.2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணே, டாக்டர் கடையைக் கேட்கவில்லை. காலைக் கேட்டார்.

எப்படி நடக்குது என்றால் உங்களுக்கு எப்படி நடக்க முடிகிறது என்று அர்த்தம். ஏற எறங்க என்றால் மாடிப்படி. பாமாயில் இல்லை. காது மந்தமாகி, தொழிலைப் பற்றிய பேச்சிலேயே நீங்கள் நின்றுவிட்டீர்கள். அவரும் கேட்டதை அப்படியே அடித்துவிட்டார். ஓடுகிற கடை ஓடுகிற மனுஷனாகிவிட்டது. எழுந்து வந்து உங்கள் காலை ஒருமுறை தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். தொடாதது அவர் தப்பு. மேல்முறையீட்டில் அதை முதல் வரியாக எழுதப் போகிறேன்.

துணை வேண்டாம் என்றது மட்டும் காது செய்த வேலை இல்லை. அதை நீங்கள் விளங்கிக்கொண்டுதான் சொன்னீர்கள்.

மேல்முறையீடு செய்தால் மூன்று டாக்டர்கள் இருக்கும் குழு மறுபடி உங்களைப் பார்க்கும். அதற்கு நீங்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று எனக்கு எழுத வேண்டும். எதையெல்லாம் செய்ய முடியவில்லை என்று. ஒரு கேலிகூட இருக்கக் கூடாது. ஜெயில் பயம் வேண்டாம். நீங்கள் பொய் சொல்லவில்லை. வாய்த்துடுக்குக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை, இருந்திருந்தால் எப்போதோ உள்ளே போயிருப்பீர்கள்.

பகவதி


மாப்பிள்ளையூரணி
9.8.2024

பகவதி,

எழுத நேரமில்ல. பயந்து வருது.

செவப்பு பைக்குல ஒருத்தன் வாரான். மொத நாள் ஒரு கடலமிட்டாய் வாங்குனான். வாங்கித் திங்கல, பைல போட்டுட்டான். கடல மிட்டாயத் திங்காதவன் என்ன மனுசன்? நின்னு கடைய மேலயும் கீழயும் பாத்தான். மறுநாள் போன எடுத்துப் படம் புடிச்சான். நான் அந்த நேரம் பாத்து வலது கைய நீட்டி மேல இருந்து சர்பத் பாட்டில எடுத்துக்கிட்டு இருக்கேன். நெட்டுக்குத்தா, சிரிச்சிக்கிட்டு. படம் பாக்கவங்க ஊனம்னு சொல்லுவாங்களா?

ஆபீசுல இருந்து வேவு பாக்க ஆளு அனுப்புவாங்கன்னு கடைக்கு வாரவங்க சொல்லுதாங்க. நேத்து முழுக்க எடது கைய மடியில வச்சிக்கிட்டு, சிரிக்காம, அசையாம இருந்தேன். ஒரு பிள்ள வந்து "தாத்தா செத்துட்டாரா?"ன்னு ஜெப்ஸிட்ட கேக்கு.

இன்னைக்கு கடையத் தொறக்கல. ஷட்டரப் பாதி எறக்கிட்டு உள்ள இருக்கேன். பைக்கு சத்தம் எனக்குக் கேக்காது, அதனால வழியில போற எல்லா நெழலும் அவன்தான்னு தோணுது.

பெட்டிசனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். விட்டுரு. கெளறுனா இன்னும் பெருசா வரும்.

ரா.


கயத்தாறு
13.8.2024

அண்ணனுக்கு,

விட மாட்டேன். மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கிறது, உங்கள் பயத்துக்காக அது நிற்காது.

உங்கள் ஜெப்ஸி எனக்குப் போன் செய்தாள். என் நம்பரை உங்கள் கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் கண்டுபிடித்தாளாம். அண்ணாச்சி மத்தியானத்துக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறார், வெயில் இந்தப் போடு போடுகிறது, உதடு வெடித்துக் கிடக்கிறது, ஏன் என்று கேட்டால் கேலி பேசுகிறார் என்றாள். சொல்லும்போது அழுதாள். முன்பின் பார்த்திராத பெண், என்னை "மாமி" என்று கூப்பிட்டு அழுகிறாள்.

ஏன் தண்ணீர் குடிப்பதில்லை? எனக்கு எழுதுங்கள். டாக்டருக்கு வேண்டாம். எனக்கு.

பகவதி


மாப்பிள்ளையூரணி
17.8.2024

பகவதி,

இதுல கேலி கெடையாது. வந்தாலும் அடிச்சிருதேன்.

தண்ணி குடிச்சா ராத்திரி ஒண்ணுக்கு வரும். ஜெப்ஸி விடிஞ்சாத்தான் வருவா. சித்திரையில ஒருநாள் பொறுக்க முடியாம நானே எந்திரிச்சேன். எடது கால் இருக்கா இல்லியான்னு தெரியாம ஊனிட்டேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல விழுந்தேன். கைய ஊனி எந்திரிக்கலாம்னா, ஊன வேண்டிய கை எனக்கு அடியில கெடக்கு. கத்துனேன். எவ்வளவு சத்தமாக் கத்துதேன்னு எனக்கே கேக்கல. ஈரத்துலயே கெடந்தேன். விடிஞ்சு ஜெப்ஸி வந்து பாத்தா. "தரை குளுகுளுன்னு இருந்துது, அதான் எறங்கிப் படுத்தேன்"னேன். அவ நம்புனா மாதிரி முகத்த வச்சிக்கிட்டு மொதல்ல வேட்டிய மாத்துனா. அன்னையில இருந்து மத்தியானத்தோட தண்ணிய நிப்பாட்டிட்டேன்.

சட்ட பட்டன் போட முடியாது. சோறு வாயோரமா வழிஞ்சா தெரியாது, அவ துண்டால தொடைக்கும்போதுதான் தெரியும். காலுல செருப்பு கழண்டது தெரியாது. கடையில எல்லாத்தையும் வலது கைக்கு எட்டுத மாதிரி அவதான் அடுக்கி வைக்கா. கீழ விழுந்த காச நான் எடுக்கதில்ல. பக்கத்து வீட்டுக் கிருபாநிதி மவன் அதப் பொறுக்கித் தரும்போது "வச்சிக்கடே"ன்னு பெரிய மனுசன் மாதிரி சொல்லுவேன்.

ஜெப்ஸி புருசன் சங்கு குளிக்கப் போறவன். மேல வள்ளத்துல மிசின் ஓடும், குழாய் வழியா கீழ காத்து போவும். அவ ஒருநா சொன்னா, "கடலுக்குள்ள எறங்குதவருக்கு மீனப் பத்திப் பயம் கெடையாது அண்ணாச்சி, மேல குழாயப் பாத்துக்கிடுத ஆளு கண்ணசந்துருவானோன்னுதான் பயம்"னு. நான் சிரிச்சேன். ஏளா, எனக்குக் குழாயப் பாத்துக்கிடுத ஆளு அவதான். கவருமெண்டு அந்த ஆள எறங்கிப் போச் சொல்லுது.

டாக்டர்ட்ட துணை வேண்டாம்னு வெளங்கித்தான் சொன்னேன்னு எழுதியிருந்தேல்லா. ஆமா. அவரு கேக்கும்போது வரிசையில நிக்க அத்தன பேரும் பாக்காங்க. ஜெப்ஸியும் நிக்கா. அவ முன்னால, இவ இல்லாட்டா நான் செத்துருவேன்னு எப்படிளா சொல்ல? சொன்னா அன்னையில இருந்து நான் யாரு?

எழுதிட்டேன். படிச்சிட்டுக் கிழிச்சிப் போடு.

ராஜதுரை


கயத்தாறு
20.8.2024

அண்ணே,

கிழிக்கவில்லை. கிழிக்க மாட்டேன். ஆனால் அதை மனுவோடு சேர்க்கவும் இல்லை. அது எனக்கு எழுதியது. அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து மேல்முறையீடு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

குழு கூப்பிடுகிற நாளில் நானும் வருகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன், அந்தப் பேச்சு அப்படியே இருக்கிறது.

எதைக் கேட்டாலும் "எதைக் கேக்கீங்க?" என்று திருப்பிக் கேட்டுத் தெளிந்த பிறகு பதில் சொல்லுங்கள். துணையைப் பற்றிக் கேட்டால் ஒரே சொல்தான். அதை உங்கள் வாயால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் எழுதியதை அவர்கள் படித்திருந்தாலும், நீங்கள் அங்கே போய் ஒரு சிரிப்புச் சிரித்தால் எல்லாம் போச்சு. எனக்கு அதுதான் பயம். வேறு பயம் இல்லை என்று எழுத நினைத்தேன். அது பொய்.

பகவதி


மாப்பிள்ளையூரணி
11.9.2024

ஏளா பகவதி,

செவப்பு பைக்குக்காரன் யாருன்னு தெரிஞ்சிட்டு. பேரு ரெக்ஸாம். கூல்டிரிங்ஸ் கம்பெனில ஓசிக்கு பிரிட்ஜு வைக்காங்களாம், அதுக்கு எடம் இருக்கான்னு கடையப் படம் புடிச்சிருக்கான். "கடை எப்படி நடக்குது அண்ணாச்சி?"ன்னு கேட்டான் பாரு, எனக்கு வேர்த்துட்டு. "எதக் கேக்க? கடையா, காலா?"ன்னேன். பேந்தப் பேந்த முழிக்கான். கடல மிட்டாய் ஏன் திங்கலன்னு கேட்டேன். சொத்தப் பல்லாம். ஒரு சொத்தப் பல்லுக்காக ஒரு வாரம் கடையப் பூட்டிட்டு இருட்டுக்குள்ள கெடந்திருக்கேன்.

குழுவுக்கு வரச் சொல்லி தபால் வந்துட்டு. பத்தொம்பதாந் தேதி. அவன் உளவாளி இல்லன்னதும் பயம் போவும்னு பாத்தேன். போவல. அது இப்ப வேற எடத்துல போய் உக்காந்திருக்கு. ராத்திரி படுத்துக்கிட்டு "வேணும், வேணும்"னு சொல்லிப் பாக்கேன். தனியாச் சொன்னா நல்லாத்தான் வருது.

வாசல்ல நில்லு. எங்கயும் போயிராத.

ராஜதுரை


மாப்பிள்ளையூரணி
14.10.2024

ஏளா பகவதி,

அன்னைக்கு உன்ன வெளியவே நிறுத்திட்டாங்க. வந்து ஆட்டோல ஏறுனதும் நீ கேட்ட, பெறவு எழுதுதேன்னேன். இப்ப சொல்லுதேன்.

மூணு டாக்டர். நடுவுல ஒரு பொம்பள டாக்டர், நம்ம பக்கத்துப் பேச்சு. "எப்படிய்யா நடக்கு?"ன்னாங்க. "எதம்மா? காலா, கடையா?"ன்னேன். "காலுதான்"ன்னாங்க. "கடை நடக்கும்மா. நான் நடக்க மாட்டேன்"னேன். கேலியா வரல அது, தானா வந்துது. அவங்களும் சிரிக்கல. எந்திரிச்சு வந்து தரையில குத்தவச்சு என் கால எடுத்து மடியில வச்சாங்க பகவதி. கண்ண மூடச் சொன்னாங்க. "எங்க குத்துதேன்னு சொல்லுங்க"ன்னாங்க. நான் காத்துக்கிட்டே இருக்கேன், எப்ப குத்துவாங்கன்னு. கண்ணத் தொறந்தா காலுல மூணு எடத்துல பொட்டுப் பொட்டா ரெத்தம்.

அப்புறம்தான் கேட்டாங்க, துணைக்கு ஆள் வேணுமான்னு. ஜெப்ஸி கதவுகிட்ட என் செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கா. நான் அவளப் பாத்துக்கிட்டே "வேணும்"னேன். அவ தலையக் குனிஞ்சிக்கிட்டா.

போன வாரம் பேப்பர் வந்துட்டு. எம்பத்தஞ்சு சதவீதம். நின்ன மாசத்துக்கும் சேத்துக் குடுப்பாங்களாம். நாம செயிச்சிட்டோம்ளா. நேசக்குமார் வாசிச்சிட்டுக் கைய புடிச்சிக் குலுக்குனான். குலுக்கிட்டு, "இன்னொரு வரி இருக்கு அண்ணாச்சி"ன்னான். வலது காலுலயும் பலம் கொறைய ஆரம்பிச்சிருக்காம். முழு நேரமும் ஆளு வேணுமாம்.

வலது கால நான் சந்தேகப்பட்டதே கெடையாது.

பழைய பேப்பரு தப்புன்னு நீயும் நானும் சண்ட போட்டோம். இது சரியான பேப்பரு. சரியாத்தான் இருக்கு, அதான் பயமா இருக்கு. பழசக் கிழிச்சிப் போடணும்னு எடுத்தேன், மனசு வரல. கல்லாப் பெட்டிக்குள்ள மடிச்சி வச்சிருக்கேன். அதுல ஒருத்தன் இருக்கான்லா, என் பேர்ல. காலைல நல்லா நடக்கான். சாயங்காலம் ஓடுதான். துணையே வேண்டாம்ங்கான். கடைய அடைக்கதுக்கு முந்தி ஒருக்கா எடுத்து அவனப் பாத்துட்டுத்தான் ஷட்டர எறக்குதேன்.

இன்னொரு சமாச்சாரம். இனி என்ன சக்கர வண்டியில வச்சித்தான் தள்ளணும்னு, ஜெப்ஸி ஆளக் கூட்டியாந்து வாசப் படிய இடிச்சிட்டா. இப்ப அங்கன சரிவாப் பூசியிருக்கு, வண்டி ஏறுத மாதிரி. நீ என் வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன்னுதான சொன்ன? இப்ப மிதிக்கதுக்குப் படியே கெடையாது ஏளா.

ராஜதுரை


கயத்தாறு
18.10.2024

அண்ணே,

செவ்வாக்கெழம மத்தியான பஸ்ஸுல வாரேன். எம்புட்டு நாளைக்குன்னு கேக்காதீங்க. ஜெப்ஸிட்ட சொல்லிட்டேன், அவ பகல்ல பாத்துக்கிடுவா.

அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல ஒரு செம்பு தண்ணி குடிங்க. ராத்திரி நான் இருப்பேன்.

பகவதி